குருவிகுளம் சாலைக் கிணற்றில் ஒரு சரவிளக்கு

சென்ற கார்த்திகை மாதத்து முதல் சனிக்கிழமை, பாளையங்கோட்டையிலிருந்து சங்கரன்கோவிலுக்குத் தனியாகப் போய்வந்தேன். கோயிலுக்கு அல்ல, ஒரு பழைய இரும்புச் சரவிளக்கு வாங்குவதற்காக. இப்படிப் பொருள் தேடிப் போக நினைக்கும் பெண்களுக்கு உதவும் என்பதால் நேரம், கூலி, தூரம் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுகிறேன்.

முதலில் காரணம். எங்கள் வீட்டு முன்கூடம் இருபத்திரண்டு அடி நீளம், பதினான்கு அடி உயரம். உத்தரத்தின் நடுவில் ஒரே ஒரு மின்விளக்கு. மாலையில் சுவரோரம் உட்கார்ந்தால் எழுத்து தெரியாது. வாரத்தில் மூன்று மாலை எங்கள் தெருப் பெண்கள் கூடி வாசிக்க அந்தக் கூடத்தைக் கேட்டேன். பஞ்சுத் தரகர் ஒருவருக்கு வாடகைக்கு விடலாம் என்பது அண்ணனின் எண்ணம். நான்கு நாள் வாதாடிய பிறகு அவன் ஒரு முடிவு சொன்னான்.

"திங்கக்கிழமை சாயங்காலம் தரகர் இடம் பாக்க வாரார். அதுக்குள்ள கூடம் முழுக்க உக்காந்து படிக்கிற மாதிரி வெளிச்சம் கொண்டாந்துட்டேன்னா கூடம் ஒனக்கு. இல்லேன்னா அவருக்கு."

புதிய இணைப்புகளுக்கு மனுப் போட்டால் ஒரு மாதம் ஆகும் என்றார் மின்சார வேலைக்காரர். ஆனால் பல கிளைகள் உள்ள தொங்கு விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தால், இருக்கிற ஒரே இணைப்பில் எட்டுச் சிறு பல்புகள் வரை போட்டுத் தருவதாகவும் சொன்னார். டவுண் கடையில் பித்தளையில் அப்படியொன்று நூற்று நாற்பது ரூபாய். என்னிடம் இருந்தது நாற்பது. என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் சங்கரன்கோவில்காரத் தோழிதான் வழி காட்டினாள். பருத்தி வாங்க வந்த வெள்ளைக்கார மானேஜர் ஒருவர் ஊருக்குப் போனபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்களாம். எட்டுக் கை வைத்த இரும்பு மெழுகுவத்தி விளக்கை, குருவிகுளம் சாலையில் நான்காவது மைலில் இருக்கும் ஒரு விவசாயி வீட்டார் ஏலத்தில் எடுத்தார்களாம். "இன்னும் வச்சிருப்பாங்க. இரும்பை யார் தூரப் போடுவா?" என்றாள்.

காலை ஆறேகாலுக்குத் திருநெல்வேலியில் பஸ். முப்பத்தைந்து மைல், ஒரு ரூபாய் இரண்டணா. முன் இருக்கையில் பெண்களுக்கு இடம் விடுகிறார்கள். ஆனால் எஞ்சின் சூடு காலைச் சுடும், அதற்கு மூன்றாவது வரிசையே மேல். மானூர் தாண்டியதும் பச்சை குறைந்து கரிசல் தொடங்குகிறது. இந்த வருடம் மழை உண்டு. பருத்தி முழங்கால் உயரம் நின்றது. எட்டே முக்காலுக்குச் சங்கரன்கோவில். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலில் பெண்களுக்குத் தனி அறை உண்டு. நான்கு இட்லியும் காப்பியும் ஐந்தணா. சட்னியில் காரம் அதிகம், முன்பே சொல்லிவிடுங்கள்.

நான் வாசித்த ஆங்கில நாவல்களில் சரவிளக்கு வந்தாலே அதன் கீழே யாராவது நடனம் ஆடுவார்கள். அதைத் துடைக்கும் வேலைக்காரி ஒரு வரியில்கூட வரமாட்டாள். எட்டுக் கைகளையும் நானேதான் துடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே குதிரை வண்டி பேசினேன். போய்வரவும் காத்திருக்கவும் இரண்டு ரூபாய். வண்டிக்காரர் மீரான் பாய், கடையநல்லூர்க்காரர், இங்கே வந்து இருபது வருடம் ஆயிற்றாம்.

"டீச்சரம்மா, கேக்கேன்னு கோவிச்சுக்கிடாதீங்க. கரண்டு வந்த வீட்டுக்கு மெழுகுவத்தி வௌக்கு எதுக்கு?"

"மெழுகுவத்தி இடத்தில் பல்பு போடப்போகிறோம்."

"அப்பம் வௌக்குக்கே வௌக்கு மாட்டப் போறீகன்னு சொல்லுங்க" என்று அவர் சிரித்தார். குதிரையும் தலையை ஆட்டியது.

ஒன்பதே முக்காலுக்கு அந்த வீட்டை அடைந்தோம். வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மாடத்தியக்கா வாசலில் மிளகாய் வற்றல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும், குரல் மட்டும் மூன்று வீடு தாண்டிக் கேட்கும். நான் எட்டுக் கை, மேலே வளையம், மூன்றடிச் சங்கிலி என்று விவரித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அதா! அது வௌக்கா? அது எங்கூரு பாதாளக் கரண்டில்லா!"

கிணற்றில் விழுந்த வாளியையும் குடத்தையும் எடுக்கக் கயிற்றில் கட்டி இறக்கும் கொக்கிக் கொத்துதான் பாதாளக் கரண்டி. யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் தப்பே இல்லை. நடுத்தண்டிலிருந்து எட்டுப் பக்கமும் விரிந்து, நுனி மேல்நோக்கி வளைந்த கைகள். மெழுகுவத்திக் கிண்ணங்களைக் கழற்றிவிட்டால் அதைவிட நல்ல பாதாளக் கரண்டி எந்தக் கொல்லரும் செய்ய முடியாது. ஏழு வருடமாக ஊர் முழுவதும் அதைத்தான் இரவல் வாங்குகிறது. ஒரு கட்டுப்பாடும் உண்டு: கரண்டி வாங்குகிறவர் ஒரு பாத்திரத்தை அடகாக வைத்துவிட்டுப் போகவேண்டும். கரண்டி திரும்பினால்தான் பாத்திரம் திரும்பும். மாடத்தியக்கா வீட்டு மூலையில் அப்போதும் ஒரு செம்புத் தவலை இருந்தது.

"அது குருசாமி வீட்டுத் தவலை. கரண்டி அவங் கெணத்துல கெடக்கு. பத்து நாளாச்சு. வாளி எடுக்கப் போட்டான், பாறை இடுக்குல மாட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. சித்திரையில தண்ணி வத்தட்டும், எறங்கி எடுப்போம்ங்கான்."

சித்திரைக்கு ஐந்து மாதம் இருக்கிறது. எனக்கு இருந்தது இரண்டு நாள்.

வெறுங்கையோடு திரும்பினால் கூடம் போயிற்று. அந்த நினைப்போடு கண்ணை ஓட்டியபோது சுவரில் ஆணியோடு கட்டியிருந்த ஓர் இரும்புக் கை தெரிந்தது. மோர்ச் சட்டியின் உறி அதில் தொங்கியது. விளக்கின் எட்டாவது கை அது. இணைத்திருந்த ஆணியான தறை கழன்று தனியாக வந்ததாம்.

"நுனி சுருட்டிக்கிட்டு இருந்துச்சு, உறி மாட்ட வாகா இல்ல. நாந்தான் அம்மிக்கல்லுல வச்சு குழவியால நாலு போடு போட்டு நிமித்தினேன்" என்றார் அக்கா.

சாதாரணமாகப் பழைய விளக்கை இப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் வருத்தம் வரவேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். வார்ப்பிரும்பைக் குழவியால் அடித்தால் மண் ஓடு போல உடையும். நிமிர்கிறது என்றால் அது அடித்துச் செய்த இரும்பு, தேனிரும்பு என்பார்கள். கையை எடுத்துப் பார்த்தேன். அச்சில் வார்த்த விளிம்புக்கோடு எங்கும் இல்லை. சுத்தியல் பட்ட தட்டையான தழும்புகள் வரிசையாக இருந்தன. இழுத்தால் வளையும், முறியாது.

குருசாமியின் கிணறு இருநூறு கஜம் தள்ளி. குருசாமி மாடத்தியக்காவுக்குக் கொழுந்தன் முறை. கிணறு ஆழம் என்பதால் கரண்டியைக் கமலை வடத்திலேயே கட்டி இறக்கியிருந்தார். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் பெருங்கயிறு அது. ஆட்கள் சேர்ந்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தார்கள்.

"மாட்டைப் பூட்டி இழுங்கள்" என்றேன்.

"யம்மா, அது வார்ப்புச் சாமான். போன வருசம் எங்க தண்ணி எஞ்சின் மூடி ஒரு தட்டுலயே ரெண்டாப் போச்சு. மாடு இழுத்தா ஏழு கையும் ஏழாத் தெறிச்சிரும். பொறவு மதினி ஏந் தவலையத் தருவாளா?"

"தரமாட்டேன்" என்றார் மாடத்தியக்கா, யாரும் கேட்காமலே.

"இது முறியாது. அக்கா குழவியால் அடித்தே முறியவில்லை."

"மதினி அடிச்சு முறியலேன்னா மாடு இழுத்தும் முறியாதுதான், வே" என்றார் மீரான் பாய். கிணற்றடியில் சேர்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். மாடத்தியக்கா அவரை முறைத்தார்.

முறிந்தால் தவலையை மீட்டுத் தருவதும், ஊருக்குப் புதுக் கரண்டி வாங்கித் தருவதும் என் பொறுப்பு என்றேன். வந்தால் விளக்கு எனக்கு, பன்னிரண்டு ரூபாய்க்கு. மாடத்தியக்கா யோசித்தார். "ரெண்டுலயும் புதுக் கரண்டி உண்டுல்லா? கரண்டி இல்லாம ஊரு இருக்க முடியாது பாத்துக்கிடுங்க." உண்டு என்றேன். புத்தகத்தில் வாசித்த இரும்பை நம்பி அடுத்தவர் பொருளைப் பணயம் வைப்பது அதுதான் எனக்கு முதல் தடவை.

பதினொன்றரைக்கு மாடு பூட்டினார்கள். வடம் இறுகியது. கமலை உருளை முனகியது. மாடுகள் சரிவில் இரண்டடி இறங்கி நின்றுவிட்டன. குருசாமி என்னைப் பார்த்தார். "இன்னும்" என்றேன். அவர் வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மாடுகளை அதட்டினார். கிணற்றுக்குள்ளிருந்து ஒரு நீண்ட கிறீச்சொலி. 'டக்' என்ற சத்தம் வருமோ என்று காத்திருந்தேன். வரவில்லை. வடம் திடீரென்று தளர்ந்து, மாடுகள் சரிவின் அடிவரை ஓடின. தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது என் சரவிளக்கு. ஒரு கை மட்டும் ஈட்டி போல நேராக நிமிர்ந்திருந்தது. பாறையில் மாட்டியிருந்த கை அது. மற்ற ஆறும் அப்படியே இருந்தன.

ஒரு கையில் குருசாமியின் வாளி. இன்னொன்றில் பாசி பிடித்த பித்தளைக் குடம். அதைப் பார்த்ததும் மாடத்தியக்காவின் குரல் முதல் தடவையாக இறங்கியது.

"அது... ஏங் கொடம்லா."

"ஆமா. மூணு வருசமா நான் களவாண்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலைஞ்சீயளே, அதே கொடம். இப்பம் சொல்லுங்க மதினி!" என்று குருசாமி குடத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அங்கே நின்ற அத்தனை பேரிலும் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான். மாடத்தியக்கா வீட்டுக்குப் போய்த் தவலையை எடுத்து வந்து, பளபளவென்று துலக்கி, அவர் கையில் கொடுத்தார்.

ஆனால் புதுக் கரண்டி வராமல் விளக்கை வெளியே விடமாட்டேன் என்றார். அடகு வைக்க என்னிடம் இருந்தது ஓர் அலுமினியச் சாப்பாட்டு டப்பா. அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இதுக்கு ஒரு கொக்கிகூட வராது. இருங்க, நானே கூட வாரேன்." நான்கு மைலும் விளக்கை மடியிலிருந்து இறக்கவில்லை; கழன்ற கையையும் சுவரிலிருந்து எடுத்து இடுப்பில் செருகியிருந்தார். அவரைத் திரும்பக் கொண்டுவிட மீரான் பாய்க்கு இன்னொரு ரூபாய்.

தேரடிக்குப் பின்னால் இரும்புப் பட்டறைகள் இருக்கின்றன. புதுப் பாதாளக் கரண்டி மூன்றரை ரூபாய். ஒவ்வொரு கொக்கியிலும் அக்கா தொங்கிப் பார்த்தபிறகே விளக்கு கைமாறியது. கொல்லர் நேரான கையை உலையில் வைத்து மற்றவை போலச் சுருட்டினார். அக்கா நிமிர்த்திய கைக்கும் அதே வைத்தியம். பிறகு அதைத் தறையடித்துச் சேர்த்தார். முக்கால் மணி நேர வேலை, ஒன்றேகால் ரூபாய். "எந்த ஊருச் சுத்தியோ தெரியல, நல்ல கை செஞ்சிருக்கு" என்றார். அதற்கு மேல் பாராட்டு எனக்குத் தேவைப்படவில்லை.

நாலேகால் பஸ். கண்டக்டர் விளக்கைச் சுற்றி வந்தார். "இது என்னம்மா, கலப்பையா?" பதில் சொன்னேன். நம்பாமல் பத்தணா வாங்கிக்கொண்டு கூரையில் ஏற்றினார். ஏழு மணிக்கு வீடு.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இரும்பு விளக்கு வாங்குமுன் கைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். அச்சில் வார்த்தவை ஒன்றுபோலவே இருக்கும். அடித்துச் செய்தவை நூலளவாவது வேறுபடும். எடையைத் தூக்கிப் பாருங்கள். எங்களுடையது இருபத்தாறு ராத்தல். உத்தரத்தில் கனமான கொக்கி இல்லாமல் மாட்டவேண்டாம். துருவை மண்ணெண்ணெயும் செங்கல் பொடியும் கொண்டு தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகப் பூசினால் போதும். வெள்ளிச் சாயம் அடிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சுத்தியல் தழும்பு மறைந்துவிடும். மின்கம்பி வேலையைத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். தனியாகப் போகும் பெண்கள் நாலேகால் பஸ்ஸைத் தவறவிடக் கூடாது.

ஒரு பொருளைப் பற்றி அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதைத்தான் நான் எப்போதும் முதலில் கேட்பேன். அந்த ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை. தங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் பார்த்தார்கள். நானும் அதைத்தானே செய்தேன் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. மானேஜரின் விருந்து மேசைக்கு மேல் எரிந்தது, வாளி எடுத்தது, இனி வாசிக்க வெளிச்சம் தரும். அதற்கு எதிலும் குறை வந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிறு முழுவதும் தேய்த்தேன். திங்கள் மதியம் எட்டுப் பல்புகளும் எரிந்தன. சுவரோரம் உட்கார்ந்து பொடி எழுத்தை வாசித்துப் பார்த்தேன், தெரிந்தது. கூடத்தில் என்ன வாசிக்கிறோம் என்பது எங்களுக்குள் இருக்கட்டும். அன்று மாலை ஆறரைக்குத் தரகர் இடம் பார்க்க வந்தார். வாசலில் பதினோரு ஜோடிச் செருப்பு கிடப்பதையும், கூடம் பட்டப்பகலாக இருப்பதையும் பார்த்து, உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"வீட்டுல விசேஷமா?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் என் பக்கம் பார்க்கவில்லை. "ஆமா" என்றான். "வாரத்துக்கு மூணு நாள்."