கைதிகள் சொல்ல மறுத்த வசனம்

நான் வீட்டுவேலை செய்யும் வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோராவின் மகள் நாடகம் போடுகிறவர். இத்தாலியின் பலெர்மோவில், கபோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய மண்டபம்தான் அவருக்கு மேடை. களவெடுத்ததற்காக இங்கிலாந்துப் பெண்களை அந்தக் காலத்தில் பாய்க்கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்திய கதை. கைதிகள் போதவில்லை என்று இலங்கைத் தமிழ்ப் பெண்களான எங்களைப் பிடித்தார். "உங்கள் முகத்தில் கடல் தெரிகிறது" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பிளேனில் வந்தவள்.

ஆனாலும் ஆறு பேரைத் திரட்டிக்கொண்டு போனேன். கதையைச் சொன்னதும் ஒருத்தி கேட்டாள்: "மூக்குத் துடைக்கிற ஒரு கைலேஞ்சி களவெடுத்ததுக்கு ஆஸ்திரேலியாவோ? ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டாமலோ?"

"ஓமடி. சாப்பாடும் குடுத்து."

"நாங்கள்தான் பிந்திப் பிறந்திட்டம்."

அந்தப் பெண்கள் மாதக்கணக்காகக் கப்பலின் அடித்தட்டில் கிடந்தார்கள், பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு என்று சொன்ன பிறகுதான் சிரிப்பு அடங்கியது. என் மகளுக்கு வடக்கே, மிலானோ நகரத்தில் வேலை கிடைத்திருந்தது. போகாதே என்று நான் கத்தியதிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. நாடகம் சனிக்கிழமை, அவளுடைய ரயில் மறுநாள் காலை. கதைக்காமலே போய்விடுவாளோ என்ற பயத்தில் எனக்கு நித்திரை இல்லை.

ஒத்திகையில் வசனத்தில் சிக்கல். கப்பல் நகரும்போது நான் கரையைப் பார்த்து, என் மொழியிலேயே, "போறன், இனி வரமாட்டன்" என்று சொல்லவேண்டுமாம். கடைக்குப் போகும்போதுகூடப் 'போறன்' என்று சொல்லாத சனம் நாங்கள். இதில் கிறிஸ்தவ வேதம், சைவம் என்ற பேதமே கிடையாது.

"விளக்கு வைக்கிற நேரத்திலை சொல்லாதேங்கோ அக்கா!" என்று ஆறு கைதிகளும் பதறினார்கள்.

"நீங்கள் திரும்பி வரப்போவதில்லையே!" என்று சிஞ்ஞோராவின் மகள் தலையில் கைவைத்தார். அது எங்களுக்கும் தெரியும். அதற்காகச் சொல்ல முடியுமா?

சனிக்கிழமை கந்தல் உடுப்புக்குள் தாலிக்கொடியை ஊசி குத்தி மறைத்துக்கொண்டு மேடை ஏறினோம். கடைசி வரிசையில் என் மகள், கையைக் கட்டிக்கொண்டு. கப்பலின் பாய் விரிந்தது. வாயைத் திறந்தேன். "போயிட்டு வாறன்" என்றுதான் வந்தது. பின்னால் நின்ற ஆறு பேரும் கல்யாணவீடு முடிந்து பஸ் ஏறுகிறவர்கள் மாதிரிக் கையாட்டி, "போயிட்டு வாறம்!" என்றார்கள்.

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது: "ஓம் அம்மா, போயிட்டு வாங்கோ!"

நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் சின்ன வயதிலிருந்து அவள் சொன்ன பதில். சொன்ன பிறகுதான் கோபம் ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் விக்கி விக்கி அழுதேன். தமிழ் தெரியாத சனமும் சேர்ந்து அழுதது.

சிஞ்ஞோராவின் மகளுக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கும் அந்தப் பிள்ளை வந்து அப்படியே கத்தவேண்டும் என்றார். நாளைக்கு அவள் இருக்கமாட்டாள் என்றேன்.

மறுநாள் ரயிலடியில் மற்றப் பெட்டிகளை ஏற்றிவிட்டு, "சாவ், அம்மா" என்று இத்தாலியனில் விடைபெற்றாள். கடைசிப் பெட்டியின் பிடி என் கையில் இருந்தது. நான் விடவில்லை. கதவு மூடுவதற்கு மணி அடித்தது.

"ஐயோ, சரி! போயிட்டு வாறன்!"

"ஓம், போயிட்டு வா" என்று சொல்லி, பிடியை விட்டேன்.