பாலத்தில் கொதித்த வண்டி

அம்மா தை மாதம் போனாள். மாசி கடைசியிலிருந்து வண்டி கொதிக்க ஆரம்பித்தது.

அப்பாவுக்கு ஸ்ரீரங்கத்தில் வாழைக்காய் மண்டி. சரக்குப் போவதெல்லாம் மாட்டு வண்டியில்தான். மோட்டார் வண்டி அவருடைய ஆசைக்கு. பொன்மலை ரயில் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுச் சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன பழைய வண்டி. முன்னால் பித்தளைச் சட்டம் போட்ட ரேடியேட்டர், ஸ்டார்ட் செய்யக் கைப்பிடி. ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது சாயும்வரை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை நான்தான் படித்துத் தமிழில் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் புத்தகத்தை விரித்தால் என் முதுகு தானாக நிமிரும். அம்மா போன பிறகும் நிமிர்ந்தது. மற்றபடி எனக்குள் எதுவும் அசையவில்லை.

காரியம் முடிந்ததும் அத்தை எங்களோடு இருக்க வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், சிறு வயதிலேயே கணவரை இழந்தவள். வைகாசியில் எனக்கு ஆற்றுக்கு அக்கரையில் டவுன் பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது.

"தாயில்லாப் பொண்ணை பஸ்ஸுலயும் ஜட்காவுலயும் ஏத்தி அனுப்பப் போறியா?" என்றாள் அத்தை.

அப்பா அந்த மாதங்களில் யாரோடும் வாதாடுவதில்லை. "நம்ம வண்டியில நானே கொண்டு விடறேன்க்கா."

"அது மொதல்ல காவிரிப் பாலத்தைத் தாண்டட்டும்."

"தாண்டலைன்னா அனுப்பலை" என்றார் அப்பா.

என் படிப்பு அப்படித்தான் முடிவானது. கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவப் போனேன்.

வெள்ளிக்கிழமைகளில் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. அப்பா கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வேர்த்துப்போவார். வெயில் ஏறிய பிறகுதான் இரண்டு இருமல் இருமிவிட்டுக் கிளம்பும். மற்ற நாட்களில் கிளம்பும், ஆனால் காவிரிப் பாலம் வரைதான். ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறும். அப்பா வண்டியை ஓரங்கட்டுவார். பின்னால் வரும் மாட்டுவண்டிக்காரர்கள் விடமாட்டார்கள். "என்ன முதலாளி, ஆத்துக்கு மேல உலை வச்சிட்டீங்களா?"

புத்தகத்தில் இருந்ததை எல்லாம் செய்தோம். விசிறி பெல்ட்டை இறுக்கினோம். சலவைச் சோடா கரைத்து ஊற்றி ரேடியேட்டரின் உள்ளே அலசினோம். வெடித்திருந்த ரப்பர்க் குழாயை மாற்றினோம். ரேடியேட்டரின் முன்பக்கம் தேன்கூடு போலச் சின்னச் சின்னக் கண்களாக இருக்கும். அதன் வழியே காற்று போய்த்தான் வெந்நீர் ஆற வேண்டும். "இந்தக் கண்ணுல சேறு, இலை, பூச்சி அடையாம பாத்துக்கணும்னு போட்டிருக்குப்பா" என்றேன்.

"நம்ம வண்டியில சேறு ஏதும்மா?" என்றார். உண்மைதான். அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தார்.

கல்லூரி திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை விடியும்போதே விழித்துவிட்டேன். வாசலில் தண்ணீர்ச் சத்தம். அம்மா இருந்தவரை வெள்ளிதோறும் வண்டிக்குப் பூஜை செய்தவள் அவள்தான். இப்போது அப்பா செய்கிறார் என்று தெரியும், பார்த்ததில்லை. பானெட்டைத் திறந்து குடத்தை எஞ்சின் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார், சாமிக்கு அபிஷேகம் செய்வதுபோல. பிறகு சந்தனத்தை உள்ளங்கையில் அள்ளி ரேடியேட்டர் முழுக்கப் பூசினார். போன வாரத்துச் சந்தனத்தைத் துடைக்கவில்லை. அதற்கு மேலேயே பூசினார். அவசரமே இல்லை அவரிடம். நான் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன்.

மறுநாள் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தோம். பாலத்துக்கு ஏறுமுன்பே கொதித்தது. அப்பா எஞ்சினை நிறுத்தாமல் மெதுவாக ஓடவிட்டு இறங்கினார். உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் இருக்கும் காற்றை அது கண்கள் வழியே உள்ளே இழுக்க வேண்டும். தாவணி முனையை ரேடியேட்டருக்கு எதிரே பிடித்தேன். ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. நடுவில் கொண்டுவந்தால் சும்மா தொங்கியது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம் சுவர்ப் பூச்சுபோல இறுகியிருந்தது. மஞ்சளாக, எல்லோர் கண்ணுக்கும் எதிரே, இத்தனை மாதம். அத்தை தினமும் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டிருக்கிறாள். பொட்டைப் பழுது என்று யார் நினைப்பார்கள்?

"அப்பா, காத்து உள்ள போகலை."

"பெல்ட்டை நேத்துதானே இறுக்கினேன்."

"பெல்ட் இல்லைப்பா. சந்தனம். வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் ஆகாததும் பூஜையாலதான், ஊத்தற தண்ணியில பிளக்கெல்லாம் நனைஞ்சுபோகுது."

ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்கம்மா எவ்வளவு சந்தனம் வைப்பா?"

"ஒரே ஒரு பொட்டு. மேல, பித்தளையில."

"தண்ணி?"

"சக்கரத்துக்கு மட்டும்தான்."

"எனக்குத் தெரியாதும்மா" என்றார். "நான் எந்திரிச்சு வரும்போதெல்லாம் அவ முடிச்சிருப்பா."

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெந்நீர் கொண்டுவந்து வைத்தார். அவர் ரேடியேட்டரைத் தொடவில்லை. நான் ஈர்க்குச்சியால் ஒவ்வொரு கண்ணாகக் குத்தி எடுத்தேன். அத்தை வெளியே வந்தாள்.

"ஐயையோ, பொட்டை அழிக்கிறியாடி? வெளங்குமா இந்த வீடு?"

"அழிக்கட்டும்க்கா" என்றார் அப்பா. "அதுக்கு மூச்சு முட்டுது."

அத்தை உள்ளே போய்விட்டாள். மஞ்சள் தண்ணீர் தெருச் சாக்கடை வரை ஓடியது. அந்த வாசனைக்காவது அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். விரல் நுனிதான் எரிந்தது.

திங்கட்கிழமை நாலாவது சுற்றிலேயே வண்டி கிளம்பியது. பாலத்தில் அப்பா பாதையைவிட ரேடியேட்டர் மூடியைத்தான் அதிகம் பார்த்தார். மூடி சும்மா இருந்தது. அக்கரை வந்தது, டவுன் சத்திரம் வந்தது.

கல்லூரி வாசலில் எஞ்சினை நிறுத்த அவருக்குப் பயம். "ஓடட்டும், நீ எறங்கிக்க. சாயங்காலம் வரேன்" என்றார். இறங்கினேன். வண்டி முக்கில் திரும்பும்வரை நின்றேன். உள்ளே எங்கோ மணி அடித்தது. வெள்ளைச் சுவர், வேப்ப மரம், முன்பின் தெரியாத பெண்கள். அம்மா போனதிலிருந்து முதல் தடவையாக எனக்கு ரொம்பப் பசித்தது. காலையில் இருவருமே சாப்பிடாமல் கிளம்பியிருந்தோம்.