ரஃபீக்குக்கு ஆபரேஷன், எனக்கு இல்லையாம்!

இன்று மாலை என் தோஸ்த் ரஃபீக் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தான். நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை!

எனக்கு வயிறு எரிந்தது.

(ஆமாம், பொறாமைதான். லைக் போட்டுவிட்டுத் திட்டுங்கள்.)

நானும் அவனும் ஆம்பூரில் ஒரே தோல் ஃபேக்டரி. இருபது வருடம் ஒரே தூசி, ஒரே பீடிக்கட்டு. வியாதியும் ஒன்றே, எம்பைசீமா. நுரையீரல் தொளதொளத்த பலூன் மாதிரி ஆகி, உள்ளே போன காற்று வெளியே வராது.

போன வருடம் வேலூரில் சேர்ந்தே ஸ்கேன் எடுத்தோம்.

டாக்டர் அவனிடம், "உங்களுக்கு மேல் பாகம்தான் ரொம்பக் கெட்டிருக்கு. அதை வெட்டி எடுத்துட்டா, மிச்சம் இருக்கிறது விரிய இடம் கிடைக்கும்" என்றார்.

"எனக்கு சார்?"

"உங்களுக்கு எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி பரவியிருக்கு. எதை வெட்டறது?"

"மூச்சுக்குழாய்ல வால்வு வைப்பாங்களாமே?"

"அதுவும் உங்களுக்குச் சரிப்படாது. நுரையீரல் மாத்துற ஆபரேஷனுக்கு வேணா சென்னைக்கு எழுதித் தர்றேன்."

திரும்பும் பஸ்ஸில் நான் அவனோடு பேசவே இல்லை!

அவன் ஆபரேஷன் அன்றும் நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. "பஸ்ல மூச்சு வாங்குது" என்று மனைவியிடம் பொய் சொன்னேன். நாலாம் நாள் அவளே என்னை இழுத்துப் போனாள். ரஃபீக் விலாவில் குழாயோடு, இருமக்கூட முடியாமல் வலியில் கிடந்தான். ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று வந்தவன், "வாடா, தெருமுனை வரைக்கும் நடக்கலாம். உன் காலு தெம்பா இருந்தாதான் சென்னையில லிஸ்ட்டுல சேப்பாங்களாம்" என்றான்.

நடந்துகொண்டே பேசுகிறான், பாவி! எனக்கு நடை அல்லது பேச்சு, ஏதாவது ஒன்றுதான் முடியும்.

அதனால் நின்று சொன்னேன். "உன்னப் பாத்தா பொறாமையா இருக்குடா."

"தெரியும்டா. மூணு நாள் ஆஸ்பத்திரி பக்கம் வராதப்பவே தெரியும்" என்றான். "இன்னா இப்ப? பொறாமதான, பட்டுக்கோ. ஆனா நடந்துகினே படு."

முனை வரை போய்விட்டோம். நடுவில் மூன்று முறை நின்றேன். மூன்று முறையும் அவனும் நின்றான்.

அடுத்த வாரம் சென்னை. துணைக்கு அவன்தான் வருகிறான்.

நுரையீரல் மாற்றிக்கொண்டவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? எப்படி இருக்கிறீர்கள், கமெண்டில் சொல்லுங்கள்.

(ஓடுகிறேன், மலை ஏறுகிறேன் என்றெல்லாம் போட்டால் பிளாக் செய்துவிடுவேன்!)