அறிவுமதிக்கு முன்னால் வந்தவள்

வலங்கைமான் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அறிவுமதியை அந்தச் சுற்றுவட்டாரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். கூலி வேலைக்குப் போன வீரையனின் மகள். அவர்கள் தெருவில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் படித்தவள். சென்னையில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணத்துக்குப் பிறகு ஊரோடு வந்தவள். கல்லூரி திறந்துவிட்டால் போன் வந்துகொண்டே இருக்கும். எல்லோருக்கும் ஒரே தேவை, புரோகிராம் எழுதும் பைத்தானைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தர வேண்டும். நெட் சரியாக எடுக்காத வீடுகள்தான் பாதிக்கு மேல். பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவாள்.

அவள் வேலை சுத்தமாக இருக்கும். இன்ஸ்டால் தொடங்கும் பெட்டியின் அடியில் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டிக் போடாமல் விட்டால் பைத்தான் கம்ப்யூட்டருக்குள் இருக்கும், ஆனால் கூப்பிட்டால் வராது. பிள்ளைகள் தாங்களாகப் போட்டுப் பார்த்து அந்த இடத்தில்தான் கோட்டை விடுவார்கள். அறிவுமதி விட்டதில்லை. எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதி ஓட்டிப் பார்ப்பாள். திரையில் 'இளவெயினி' என்று ஒரு பெயர் வரும். ஒரு நொடி பார்த்துவிட்டு, சேமிக்காமல் மூடிவிடுவாள்.

ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே அடங்கிப்போன பெண் குழந்தைக்கு அவள் மனதுக்குள் வைத்திருந்த பெயர் அது. ஆறு வருடமாகியும் கணவன் அன்பரசனிடம்கூடச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளோடு அந்தப் பேச்சே வீட்டில் நின்றுபோயிற்று. அவன் அறுவடை மெஷின் ஓட்டப் போனான். அவள் கடையைத் திறந்தாள்.

போன வருடம் ஆடிக் கடைசியில், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்த ஜெனிட்டா என்ற பெண் வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் வந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. அறிவுமதி போனபோது ஜெனிட்டாவின் அம்மா சகாயம்மாள் மட்டும் இருந்தாள்.

"என்னம்மா, அன்னைக்குப் போட்டது சரியா வரலீங்களா?" என்றாள்.

"என்னைக்குங்க?"

"செவ்வாக்கிழமை வந்துட்டுப் போனீங்களே."

செவ்வாய்க்கிழமை முழுக்க அறிவுமதி காய்ச்சலில் படுத்துக் கிடந்தாள். வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பென்டிரைவைச் செருகி ஓட்டினால், புதிதாகப் போடுவதற்கான பெட்டி வரவில்லை. ஏற்கெனவே போட்டிருப்பதைச் சரிசெய்யவா, எடுத்துவிடவா என்று கேட்டது. தேதியைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை, பதினொன்று இருபது. திரையின் ஓரத்தில் ஒரு ஃபைல் இருந்தது. திறந்தாள். உள்ளே ஒரே வரி. அவளுடைய வரி.

"உங்க பொண்ணு பேருன்னு சொன்னீங்களே," என்று பின்னாலிருந்து சகாயம்மாளின் குரல் வந்தது. "ரெண்டு நாளா எனக்கு அதே நெனப்புதான். கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தி வெச்சேன்."

அறிவுமதி திரும்பவில்லை. "வேற என்னங்க சொன்னேன்?"

"தலை நெறைய முடி இருந்துச்சு, சுருள் முடின்னு சொன்னீங்க."

அன்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியை விலக்கி ஒரு கணம்தான் காட்டினாள். அந்த முடியைப் பற்றி அறிவுமதி இந்த உலகத்தில் யாரிடமும் பேசியதில்லை.

அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் அப்படியே நடந்தது. இரண்டு நாள் முன்னதாக அவள் வந்திருந்தாள், போட்டுக் கொடுத்திருந்தாள், உட்கார்ந்து அழுதிருந்தாள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுக்கூடப் போயிருந்தாள். அந்த வீட்டம்மா உரிமையோடு அவள் கையைப் பிடித்தபோது அறிவுமதி கையை இழுத்துக்கொண்டாள். தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, கடையில் இருந்த நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துவைத்தாள். குறிப்பில் பிசகே இல்லை. அந்த நேரங்களில் அவள் கடையில்தான் இருந்தாள்.

பிறகு குத்தாலம் பக்கத்திலிருந்து மங்களாம்பிகை என்றொரு அம்மாள், மகனுக்காகத் திங்கட்கிழமை வரச் சொன்னாள். முந்திக்கொண்டுவிட வேண்டும் என்று அறிவுமதி சனிக்கிழமை காலையிலேயே போய் நின்றாள்.

"எனக்கு முன்னாடி யாராச்சும் வந்தாங்களா?"

"யாரும் வரலியேம்மா. உள்ள வாங்க."

போட்டு முடித்தாள். பெயர் திரையில் வந்தது. மூட நினைத்தாள், கை வரவில்லை. அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மங்களாம்பிகை நிமிர்ந்து, "யாரு பேரும்மா இது?" என்றாள்.

அறிவுமதி சொன்னாள். சொல்லி முடிக்க மதியமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்கார்ந்த அன்பரசனிடமும் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டான்.

"முடி சுருட்டையா இருந்துச்சு," என்றான். "நானும் பாத்தேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு மங்களாம்பிகை போன் செய்தாள். "என்னம்மா, வாசல்ல வந்து நிக்கிறீங்க, உள்ள கூப்பிட்டா வரமாட்டேங்குறீங்க..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "நீங்க போன்ல பேசுறீங்க. அப்ப இது யாரு?"

"என்ன செய்றாங்க?"

"கதவு நிலைய புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. பேரு சொல்லணும், பேரு சொல்லணும்னு அதையே சொல்றாங்க."

"நான் சொல்லிட்டேன்னு சொல்லுங்க," என்றாள் அறிவுமதி. "எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டேன்னு சொல்லுங்க."

மங்களாம்பிகை சொல்வது போனில் கேட்டது. அப்புறம் அவள் குரல் தணிந்து வந்தது. "போறாங்கம்மா. வாய்க்கா கரையோட போறாங்க."

அன்பரசன் ஸ்கூட்டரை எடுத்தான். ஒன்றரை மணி நேரத்தில் அந்த வாய்க்கால் கரைக்குப் போய்விட்டார்கள். கரையை ஒட்டிய வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்றுமுடியோடு நிமிர்ந்த ஒரு பெண் அறிவுமதியைப் பார்த்துவிட்டு, "காலையிலதானேக்கா இப்படிப் போனீங்க," என்றாள். "கூடப் போன சுருட்டமுடிச் சின்னப் பொண்ணு எங்க?"

கரை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெறுமையாக வெயிலில் கிடந்தது.

"முன்னாடி போயிருக்கு," என்றான் அன்பரசன்.

இந்த வருடமும் அறிவுமதி ஐம்பது, அறுபது வீடுகளுக்குப் போய்வந்துவிட்டாள். எங்கும் அவளுக்கு முன்னால் யாரும் வந்திருக்கவில்லை. ஆனாலும் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதும், கதவைத் திறப்பவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறாள்.