சிவப்பு நூல் கட்டிய மங்கு

என் தங்கை நிம்மதியாக மூச்சு விடுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தது முதல் எங்கள் இருவருக்கும் ஒரே பாய், ஒரே போர்வை, ஒரே சோற்றுப்பானை. பத்தொன்பது வயதில் எனக்குச் சயரோகம் வந்தது. அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் இருவரையும் சோதித்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "ஒரே வீட்டுல ஒருத்தருக்கு ஒட்டும், ஒருத்தருக்கு ஒட்டாதுங்க. ஏன்னு டாக்டருக்கே தெரியல. சின்னவ நெஞ்சு சுத்தமா இருக்கு."

அந்தக் கடைசி வாக்கியம் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்த மாமன் மகனுக்கும் எனக்கும் தட்டு மாற்றியாகிவிட்டிருந்தது. மாமா வந்தார், காப்பி குடித்தார், சின்னவளைக் கேட்டார். கல்யாணத் தேதியை மாற்றவில்லை. பெண்ணை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். எனக்கு எடுத்த கூறைப்புடவையை அவள் கட்டிப் பார்த்தபோது, பாழாய்ப்போனது, அவளுக்கு என்னைவிட நன்றாகவே இருந்தது.

வீட்டில் காப்பி குடிக்க நீல விளிம்பு வைத்த எனாமல் மங்குகள், பிடி வைத்த குவளைகள், இரண்டு ஒன்றுபோல இருக்கும். நான் குடிப்பதில் மற்றவர்கள் குடித்துவிடக் கூடாதென்று, என் மங்கின் பிடியில் தங்கைதான் சிவப்பு நூல் கட்டினாள். தினமும் நான் குடித்து முடித்ததும், அவள் குழாயடிக்குப் போகும் நேரம் பார்த்து, நூலை அவிழ்த்து அவள் மங்கில் கட்டினேன். ஏதும் அறியாதவளாக என் எச்சில் மங்கில் அவள் காப்பி குடித்தாள். ஒரு இருமல், ஒரே ஒரு இருமல் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அவளோ கன்னம் உப்பி, கழுத்தில் தாலியோடு கிள்ளானுக்கு ரயில் ஏறினாள்.

நான் எப்படியோ தேறினேன். என்னைக் கேட்டு யாரும் வரவில்லை.

அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். என் மூக்கு, என் கோணல் பல், என் முன்கோபம். எனக்குப் பிறந்திருக்க வேண்டியவள் என்று பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஒன்பது வயதில் அவளுக்கு இருமல் கண்டது. தங்கை அவளை அழைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"உன்னையே உரிச்சு வெச்சிருக்கா, நெஞ்சு உட்பட. நீ பொழச்சு வந்தவ. நீதான் பாத்துக்கணும்."

பிள்ளையின் மங்கையும் ஒரு சிவப்பு நூலையும் என் கையில் வைத்தாள்.

"கட்டுக்கா. இந்தத் தடவ மாத்திக் கட்டிடாத."

அவள் முகத்தில் கோபமே இல்லை. தெரிந்தேதான் குடித்திருக்கிறாள். அப்போதும் எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, பொறாமைதான். இந்த மனசும் அவளுக்கேதானா?

உள்ளே பிள்ளை இருமினாள். என் இருமலேதான். நூலை எடுத்து, இனி என்னாலும் அவிழ்க்க முடியாதபடி, மூன்று முடிச்சுப் போட்டேன்.