தேசிக்காய் வைத்து அனுப்பிய கார்

“…ஓடாத கார் என்றுதானே எனக்குச் சொன்னார்கள்? இது கண்ணாடி மாதிரி மினுங்குகிறதே! நான் வீடு மாறி வந்துவிட்டேனா?” என்று கேட்டபடி லொறியிலிருந்து இறங்கினார் டெரி என்ற வெள்ளைக்காரர். தர்மத்துக்குக் கொடுக்கப்படும் பழைய கார்களை வீடுவீடாகப் போய் ஏற்றிக்கொண்டு போவது அவருடைய வேலை. வீடு மாறவில்லை, இதுதான் கார் என்றேன். லண்டன் கிங்ஸ்பரியில் என் அண்ணியின் வீட்டு வாசல். டிசம்பர் மாதத்துப் பகல், தூறலும் குளிருமாக இருந்தது. டெரி காரைச் சுற்றி வந்தார். புது பேட்டரி, புது டயர்கள், நிறையப் பெட்ரோல், முகப்பில் மூன்று கோடாக விபூதி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காய். தமிழ்நாட்டார் எலுமிச்சை என்பார்களே, அதுதான். “கொடுத்துவிடப் போகிற காருக்கு யாராவது பெட்ரோல் அடிப்பார்களா?” என்று கேட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளினார்.

கார் என் அண்ணையுடையது. ஊரிலிருந்து ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கிய எங்கள் ஆட்கள் பலர் லண்டனை முதன்முதலாகப் பார்த்தது அதன் ஜன்னல் வழியாகத்தான். வழி தவறி ஹவுன்ஸ்லோவையே சுற்றிச் சுற்றி வரும்போதும் அண்ணை பதறமாட்டார். “எனக்குத்தான்ரா வழி தெரியாது, காருக்குத் தெரியும். பேசாமல் இரு” என்பார். பிறகு அவருக்குப் புற்றுநோய் வந்தது. கார் ஓட்டவே பயந்த அண்ணி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காகவே ஓட்டப் பழகினார்.

கடைசியில் ஹொஸ்பிஸ் என்று ஓர் இடத்துக்கு அனுப்பினார்கள். இனிச் சுகமாகாது என்று தெரிந்தவர்களை வலியில்லாமல் வைத்துப் பார்க்கும் இடம். அங்கே நான் கண்டவை இன்னும் எனக்கு அதிசயமாகத்தான் இருக்கின்றன. யாரென்றே தெரியாத ஒரு மனுஷி அண்ணையின் காலுக்கு எண்ணெய் தடவிவிட்டாள். பென்ஷன் எடுத்த ஒரு கிழவர் தினமும் வந்து, அவருக்குப் புரியாத எங்கள் ஊர்ப் பாட்டுகளை ரேடியோவில் போட்டுவிட்டு, தானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினார். “இவையள் எனக்கு என்ன முறையடா தம்பி?” என்று அண்ணை என்னைக் கேட்டார்.

அண்ணை கண்ணை மூடிய அன்று, கணக்கு முடிக்க வேண்டும் என்று அண்ணி கைப்பையைத் திறந்தபடி அங்கே மேசை முன்னால் போய் நின்றார். மேசையில் இருந்த பெண், அண்ணி கைக்குட்டை தேடுகிறார் என்று நினைத்து டிஷ்யூப் பெட்டியை நீட்டினாள். அங்கே யாரிடமும் காசு வாங்குவதில்லையாம். சனங்கள் கொடுக்கும் பழைய கோட்டு, பழைய கோப்பை, பழைய கார் எல்லாவற்றையும் விற்று அந்த இடத்தை நடத்துகிறார்களாம். கழித்துவிட்ட கோட்டு ஒன்று என் அண்ணைக்கு ஓர் இரவின் நித்திரையாக மாறியிருக்கிறது!

அன்றைக்கு அண்ணி தனியாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திய கார் பிறகு அசையவில்லை. பேட்டரி செத்தது. ஒரு வருஷம் போன பிறகு, நியூஜெர்சியிலிருந்து அவருடைய தம்பி டெலிபோனில் புத்தி சொன்னார்: “அக்கா, காரைத் தர்மத்துக்குக் குடுங்கோ. வருஷம் முடிய முதல் குடுத்தால் வரியில கழிக்கலாம். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான்.” விசாரித்தேன். இந்த நாட்டில் காரைக் கொடுத்தவருக்கு வரிக் கழிவு இல்லை. காரை விற்ற காசோடு, நாம் ஏற்கெனவே கட்டிய வரியில் ஒரு பங்கையும் அரசாங்கம் அந்த ஹொஸ்பிஸுக்கே கொடுக்குமாம். அண்ணி கண்ணை விரித்தார். “அப்ப நாங்கள் கட்டின வரி எங்களுக்கு முதலே அங்க போய் நிக்குதோ? அப்ப கட்டாயம் குடுக்கவேணும்.”

ஆனால் இருந்தபடி கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. கோயிலுக்கு மடிப்புக் கலையாத வேட்டி கொடுத்துப் பழகிய சனம் நாங்கள். “அழுக்கா, நொண்டியாக் குடுத்தால் அது தானமோ? தலையைச் சுத்தி எறியிறது மாதிரியெல்லோ!” என்றார். மெக்கானிக் வந்தார், டயர் வந்தது. தர்மக் கார்களை எடுக்கும் கந்தோரில், அதாவது ஆபீசில், ஓடாத கார் என்று முன்பே பதிந்துவிட்டோமே, அதை மாற்றிச் சொல்ல மட்டும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

“நல்லவேளை, நேரே பார்த்தேன். ஓடாத கார் நசுக்குகிற இடத்துக்குத்தான் போயிருக்கும். இது ஏலத்துக்குப் போகட்டும். யாராவது வாங்கி ஓட்டுவார்கள்” என்று டெரி கந்தோருக்குப் போன் பண்ணி மாற்றினார். அண்ணியின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அடங்குவதற்குள் டெரி லொறியிலிருந்து சங்கிலியை இழுத்து வந்து, காரின் பின்பக்கம் கொக்கியை மாட்டினார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இழுக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

“எல்லாக் காரையும் அப்பிடித்தான் ஏத்திறவை அண்ணி.”

“உங்கட அண்ணை கடைசியா இந்த வாசலால போகேக்க, தூக்கவும் விடேல்லை, சக்கர நாற்காலியும் வேண்டாமெண்டவர். நடந்துதான் காரில ஏறினவர். இதையும் கட்டி இழுத்துக்கொண்டு போனால் நான் எப்பிடிப் பாத்துக்கொண்டு நிக்கிறது?”

என் அரைகுறை இங்கிலீஷில் டெரிக்குச் சொன்னேன். பழத்தையும் விளக்கினேன்: புதுக் கார் முதன்முதலாக ஓடும்போது சக்கரம் இதை நசுக்கிக்கொண்டு போகவேண்டும். “இது புதுக் கார் இல்லையே?” என்றார் அவர். அவ்வளவு இங்கிலீஷ் அண்ணிக்கு விளங்கும்.

“வாங்கப்போறவைக்குப் புதுசுதானே?” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

டெரி கொக்கியைக் கழற்றிச் சங்கிலியை லொறிக்குள் எறிந்தார். பின்பக்கமாக எடுக்கவேண்டிய காருக்கு நாங்கள் பழத்தை முன்னால் வைத்திருந்தோம். அவர் ஈரத் தரையில் முழங்காலிட்டு, மூன்று தேசிக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தார். நாலாவது உருண்டு ஓடியது. அதைத் துரத்திப் பிடித்து, தன் கால்சட்டையில் துடைத்தார். “ரோடு வரைக்கும் இவர் ஓட்டட்டும். லொறியில் நான் ஏற்றுகிறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒரு கையில் கார்ச் சாவியும் மறு கையில் தேசிக்காயுமாக அண்ணியின் முன்னால் வந்து நின்றார்.