ஆறரை மணிக் கடல்

யுத்த காலத்தில் மரக்காணம் உப்பளத்தில் எழுத்தராக இருந்தேன். சொந்த ஊர் விழுப்புரம். திண்டிவனத்திலிருந்து பகலில் ஒரு பஸ் வரும். கரி வாயுவில் ஓடும் வண்டி. வழியில் இரண்டு முறையாவது நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் வரும். பத்திரிகையும் தபாலும் அதில்தான். யுத்தம் முற்றியபோது பத்திரிகையில் வானிலைச் செய்தி நின்றுபோயிற்று. எதிரிக்கு உதவும் என்று காரணம் சொன்னார்கள். எதிரிக்கு உதவியதோ இல்லையோ, பாத்தியில் உப்பு விளைந்து கிடக்கும்போது நாளைக்கு மழை உண்டா என்று தெரியாமல் நாங்கள்தான் திண்டாடினோம்.

அதனால் நானே எழுதத் தொடங்கினேன். எதையும் தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் எனக்குச் சிறு வயது முதல் உண்டு. கடற்கரையில் ஒரு பனங்கட்டையை ஆழப் புதைத்து, அதில் சாண் இடைவெளியில் கத்தியால் வெட்டுகள் போட்டேன். தினமும் காலை ஆறரை மணிக்குப் போய் நிற்பேன். காற்று எந்தத் திசை, வானம் எப்படி, அலை கட்டையில் எத்தனையாவது வெட்டு வரை ஏறுகிறது, நிமிஷத்துக்கு எத்தனை அலை: இந்த நாலும் எழுதுவேன். ஏழு மணிக்கு ஆபீஸ். இரண்டு வருஷத்தில் நான் போகாத நாள் பதினொன்று. காய்ச்சலில் படுத்திருந்த நாட்கள் அவை.

எங்கள் கடல் பெரிய அலைக்குப் பேர்போனதல்ல. மழைக்காலம் போனால், பெரும்பாலான நாட்களில் அலை இரண்டாவது வெட்டைத் தாண்டாது. எழுதியதையெல்லாம் அடுக்கிப் பார்த்து ஒரு விதி கண்டுபிடித்தேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மூன்று நாள் முன்னால் அலை கொஞ்சம் உயரும். அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் அடங்கிவிடும். இருபத்துச் சொச்சம் மாதம் இது தப்பவில்லை. கண்டுபிடித்த அன்று மனைவியிடம் சொன்னேன். "அப்படியா, நல்லது" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

என் மனைவியின் அண்ணன் பெருமுக்கலில் விவசாயி. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் பயிரிடுகிறவர். மாசி மகத்துக்கு அந்த ஊர் சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே கடலுக்கு வருவார்கள். தண்ணீரில் இறங்கி, சாமியை மூன்று முறை முக்கி எடுத்தால் தீர்த்தவாரி முடிந்தது. பல்லக்கின் முன்கொம்பைப் பிடிக்கும் உரிமை என் மச்சானுடையது. அவருடைய தகப்பனார் பிடித்தது, பிறகு இவர்.

நான் நோட்டு எழுத ஆரம்பித்த பிறகு வந்த முதல் மாசி மகத்தில், நான் ஆபீஸில் இருந்த நேரத்தில் மச்சான் தண்ணீரில் விழுந்தார். பல்லக்கு சாய்ந்து சாமி மணலில் உருண்டது. அவருக்கு இடது முழங்கை முறிந்தது. ஊர் திரும்பியதும் பஞ்சாயத்து வைத்தார்கள். பெரிய அலை அடித்துத் தள்ளியது என்று மச்சான் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் தினமும் கடலைப் பார்த்து எழுதுவது தெரிந்து நாட்டாண்மைக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைய குறிப்பைப் படித்தேன்: "காற்று மேற்கு, இலேசு. வானம் தெளிவு. அலை இரண்டாம் வெட்டு. நிமிஷத்துக்கு ஏழு."

"அப்ப கடலு சும்மாதான் கெடந்திருக்குது" என்றார் நாட்டாண்மைக்காரர்.

"ஆமாங்க" என்றேன்.

மச்சான் என்னைப் பார்த்தார்.  கவனக்குறைவு என்று ஊர் முடிவு செய்தது. இன்னும் ஒரு வருஷம் பார்ப்பது, மறுபடி தவறினால் முன்கொம்பு பங்காளி வீட்டுக்குப் போய்விடும் என்று தீர்ப்பு. எழுதியிருப்பதைத்தானே படித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், மச்சான் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டு அலைமேல் பழி போடுகிறார் என்றுதான் அந்த வருஷம் முழுக்க நினைத்திருந்தேன்.

அடுத்த மகத்துக்குப் பத்து நாள் முன்பு மச்சான் வீட்டுக்கு வந்தார். கை கூடியிருந்தது, ஆனால் முழங்கை நேராக நிமிராது.

"மாப்ளே, உங்க நோட்டைப் பாத்து சொல்லுங்க. மகத்தன்னைக்கு கடலு எப்பிடி இருக்கும்?"

"பௌர்ணமியில்ல மச்சான்? அடங்கித்தான் இருக்கும். ரெண்டு வெட்டு. தாராளமா எறங்கலாம்."

"நெசமா?"

"ரெண்டு வருஷமா எழுதிக்கினு வர்றேன்."

அவர் தங்கை அவருக்குச் சோறு போட்டாள். அவர் அந்தக் கையால் தண்ணீர்ச் செம்பைத் தூக்கியபோது பாதி இலையில் சிந்தியது. நான் பார்த்தேன், அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

மகத்துக்கு முதல் நாள் காலை. கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, ஆபீஸுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வழக்கமாக எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் வாசலில் உட்கார்ந்து கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். மகத்தை ஒட்டி நாங்கள் மீன் வாங்குவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கூழுக்காக மட்டும் வந்திருந்தாள். அவள் புருஷனும் இரண்டு மகன்களும் கட்டுமரத்தில் போகிறவர்கள்.

என் மனைவி பெருமையாகச் சொன்னாள். "நாளைக்கு எங்க அண்ணன் ஊரு சாமி எறங்குது. கடலு அமைதியா இருக்கும்னு இவரு முன்னாலயே சொல்லிட்டாரு."

"எத்தினி மணிக்கு எறங்குது?"

"ஒம்போதுக்கு."

அவள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த கூழ் புரையேறிவிட்டது. என் மனைவி தலையைத் தட்டினாள்.

"ஐயா, நீங்க தெனம் எத்தினி மணிக்கு வந்து அந்தக் கட்டையாண்ட நிக்கிறீங்க?"

"ஆறரைக்கு."

"ஒம்போது மணிக்கு ஒரு நாளாவது வந்து பாத்துக்கீறீங்களா?"

"ஆபீஸ் நேரமாச்சே."

"அதான் பேஜாரு. கடலுக்கு ஆபீஸ் ஏது? பௌர்ணமிக்கு ஒம்போது மணிக்குத்தான் நீர் ஏறி நிக்கும். தண்ணிக்குள்ள மணல்மேடு கீதுல்ல, அது முழுகிப்புடும். மேட்டுமேல ஒடையிற அலை நேரா கரைக்கு வந்து ஒடையும். இன்னைக்கு எட்டு மணிக்கு வந்து பாருங்க, சொல்றேன்."

எட்டு மணிக்கு மேலாளரிடம் அரை மணி அனுமதி கேட்டேன். என் உத்தியோகத்தில் அதுவே முதல் தடவை. உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். கடற்கரைக்குப் போனேன். ஆறரைக்கு இரண்டாம் வெட்டில் நனைந்திருந்த கட்டையைக் கண்ணில் காணோம். ஒரு அலை பின்வாங்கியபோது கட்டையின் தலை தெரிந்தது. அதில் ஆறு வெட்டு உண்டு. அடுத்த அலை என் வேட்டியை இடுப்பு வரை நனைத்தது.

என் விதி எங்கிருந்து வந்தது என்று அங்கேயே நின்று யோசித்தேன். நீர் ஏறும் நேரம் நாளுக்கு நாள் பின்னால் தள்ளிப் போகிறது. பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்னால் அது ஆறரைக்கு வரும். நான் பார்ப்பேன், அலை உயர்ந்தது என்று எழுதுவேன். பௌர்ணமியன்று ஒன்பதுக்கு வரும். அப்போது நான் மூட்டைக் கணக்கில் தலையைக் கவிழ்த்திருப்பேன். கடல் அடங்கவில்லை. நான்தான் எழுந்து போய்விட்டிருந்தேன்.

உடனே இன்னொன்றும் உறைத்தது. போன மகத்தன்று மச்சான் இறங்கியதும் ஒன்பது மணிக்கு. அவரை விழத்தட்டிய அலை இருந்திருக்கிறது. அது இல்லை என்று ஊர் முன்னால் படித்துக் காட்டியவன் நான்.

மாலையில் ஊர்ச்சனம் வந்து சேர்ந்தது. கடலுக்குக் கால் மைல் இப்புறம் சவுக்குத் தோப்பில் சாமியை இறக்கி வைத்திருந்தார்கள். நான் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. மச்சான் பல்லக்குக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். முதலில் அவரிடம் தனியாகச் சொல்லலாமா என்று நினைத்தேன். அன்றைக்கு எல்லார் முன்னாலும் படித்தேன். இதையும் எல்லார் முன்னாலும் சொல்வதுதான் முறை. நாட்டாண்மைக்காரரிடம் போய், எனக்குத் தெரிந்த அளவில் வரிசையாகச் சொன்னேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு அலை பெரிதாக இருக்கும். நான் சொன்ன கணக்கு தப்பு. போன வருஷம் சொன்ன சாட்சியும் தப்பு. மச்சான் சொன்னதுதான் சரி.



"அப்ப அந்த நோட்டுல எழுதினதெல்லாம் பொய்யா?" என்றார் ஒருவர்.

"பொய்யில்லிங்க. ஆறரை மணிக் கடலு அது. ஒம்போது மணிக் கடலை நான் பாக்கவே இல்ல."

"படிச்சவன் பேச்சைக் கேட்டுக்கினு நம்ம ஆளை நாமளே ஒரு வருஷம் தலைகுனிய வெச்சோமே!" என்று இன்னொருவர் கத்தினார். "இவன் நோட்டை அடுப்புல போடு!"

"போடலாம், இருய்யா" என்றார் நாட்டாண்மைக்காரர். என் பக்கம் திரும்பினார். "இப்ப என்னா பண்ணணும்? அதைச் சொல்லு."

"ஆறரைக்கு எறங்கி ஏழுக்குள்ள ஏறிடணும். அந்த நேரத்துக் கடலுக்கு நான் பொறுப்பு. அதை மட்டும் ரெண்டு வருஷம் பாத்திருக்கேன்."

பூசாரியைப் பார்த்தார்கள். மக நட்சத்திரம் விடியுமுன்னே பிறந்துவிடுகிறது, தடையில்லை என்றார் அவர். ஆனாலும் முணுமுணுப்பு நிற்கவில்லை. எல்லா ஊர்ச் சாமியும் ஒன்பது மணிக்குச் சேர்ந்து இறங்கும்போது நம் சாமி மட்டும் திருடன் மாதிரி விடியலில் போய் முழுகிவிட்டு வருவதா என்று கேட்டார்கள். 

மச்சான்தான் எழுந்தார். "போன வருசம் ஊர் ஒண்ணு சொல்லிச்சு, நான் கேட்டுக்கினேன். இந்த வருசம் நான் ஒண்ணு கேக்கறேன். காலையில போவலாம்."

"சரி, ஆறரைக்கு" என்று நாட்டாண்மைக்காரர் முடித்தார்.

ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, காலையில் ஆறு மணிக்கே பனங்கட்டையருகே நின்றேன். மேற்கிலிருந்து மெல்லிய காற்று. மணல்மேடு தண்ணீருக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அலைகள் அங்கேயே உடைந்து, கரைக்குச் சின்னச் சுருக்கங்களாக வந்தன. இரண்டாம் வெட்டு. மீன்காரம்மாளும் வந்து ஈரமணலில் குந்தியிருந்தாள்.

"ஜல்தி எறங்கச் சொல்லுங்க. ஏற ஆரம்பிச்சிடுச்சி."

இறங்கினார்கள். மச்சான் முன்னால். முழங்கால், தொடை, இடுப்பு. நிமிராத கையைக் கொம்பின் அடியில் கொடுத்து, அதன்மேல் தோளை அழுத்தியிருந்தார். ஒரு முறை முக்கினார்கள். இரண்டாம் முறை. மூன்றாம் முறைக்கு முன்னால், மேட்டைத் தாண்டி ஒரு அலை முழுசாக வந்தது. பின்கொம்புக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். மச்சான் பக்கவாட்டில் திரும்பி, காலை அகல வைத்து நின்றார். அலை அவர் மார்பில் அடித்து இரண்டாகப் பிரிந்து போனது. பல்லக்கு ஆடியது, சாயவில்லை. மூன்றாம் முறையும் முக்கி எடுத்துக் கரைக்கு வந்தபோது, என் கடிகாரத்தில் ஏழுக்கு எட்டு நிமிஷம் இருந்தது.

ஒன்பது மணிக்கு மற்ற ஊர்ச் சாமிகள் வந்தன. அலை பெரிதாகத்தான் இருந்தது. ஆட்கள் தலை முழுக நனைந்தார்கள், சிரித்தார்கள், திட்டிக்கொண்டார்கள். ஒருவரும் விழவில்லை. எல்லாச் சாமியும் பத்திரமாக ஏறிவிட்டது. நாட்டாண்மைக்காரர் என்னைப் பார்த்து, "பாத்தியா? இதுக்கா இத்தினி ஆர்ப்பாட்டம்?" என்றார்.

"அவங்களுக்கு ரெண்டு கை, மாமா" என்றார் மச்சான், மணலில் உட்கார்ந்தபடி. "எனக்கு ஒண்ணரை."

எல்லாரும் சிரித்தார்கள். நாட்டாண்மைக்காரரும் சிரித்துவிட்டார். முன்கொம்பு பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. இன்றுவரை அது அவரிடம்தான் இருக்கிறது.

கூட்டம் கலைந்ததும் நான் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் முழங்கையில் சூடான மணலை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே பேசினார்.

"உங்க மேல கோவமே இல்லன்னு சொல்ல மாட்டேன் மாப்ளே. இருந்துச்சு. அதுகூடப் பெரிசில்ல. நீங்க எழுதினதைப் படிச்சீங்களே, அன்னையிலேர்ந்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. அலை வந்துச்சா, இல்ல நாந்தான் வழுக்கி வுழுந்துட்டு, அலை வந்துச்சுன்னு நெனைச்சுக்கினேனான்னு. படுத்தா அதே நெனப்பு. நேத்து தோப்புல நீங்க சொன்னப்புறந்தான், அந்த அலை நெசமாவே வந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. நல்லா இருங்க."

நான் மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் அவர் எனக்கு நன்றி சொன்னார். அதை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.  பிறகு அவர் வலது கையை நீட்டினார், பிடித்துத் தூக்கிவிட்டேன். அவர் தங்கை சமைத்து வைத்திருப்பாள் என்று வீட்டுக்கு நடந்தோம்.